வாடகை வீட்டு டெபாசிட்: எத்தனை மாசம்னு எதை வச்சு முடிவு பண்றது?

முதல்வாசல்

முதல் தடவையா வீட்டை வாடகைக்கு விடுறவங்க டெபாசிட்டை எப்படி நிர்ணயிக்கணும்? "பக்கத்து வீட்டுல எவ்வளவோ அவ்வளவு" என்பதைத் தவிர வேற கணக்கு இருக்கா? ஒருத்தர் ஒரு மாசம் போதும்கிறார். இன்னொருத்தர் பத்து மாசத்துக்குக் குறைச்சு வாங்கவே வாங்காதேங்கிறார். நாட்டுக்கு நாடு காசு மாறும், அதனால மாச வாடகை 100ன்னு வச்சுக்கிட்டுப் பேசினா எல்லாருக்கும் உதவும். ரெண்டு பெட்ரூம், ஃபர்னிச்சர் கிடையாது, ஏசி ஒண்ணு, வாட்டர் ஹீட்டர் ஒண்ணு, ஒரு மாச நோட்டீஸ். இதுதான் உதாரண வீடு.

கணக்கப்பிள்ளை

எத்தனை மாதம் என்பதைப் பிறகு பார்க்கலாம். அந்தப் பணம் எதற்கு என்பதை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். நான்கே நான்கு விஷயங்கள்தான் வரும்.

ஒன்று, வாடகை பாக்கி. ஒன்றாம் தேதி வரவேண்டிய வாடகை வரவில்லை. சில நாள் பொறுக்கிறீர்கள், பேசுகிறீர்கள், பதினைந்து நாளில் நோட்டீஸ் கொடுக்கிறீர்கள். அதிலிருந்து ஒரு மாதத்தில் வீடு காலியாகிறது. ஆக ஒன்றரை மாதம், 150. நோட்டீஸ் கொடுத்தும் காலி செய்யாமல் வழக்குவரை போகிறவருக்கு எந்த டெபாசிட்டும் போதாது. அந்த ஆபத்தைக் குறைக்க வேண்டிய இடம் ஆளைத் தேர்ந்தெடுக்கும் கட்டம். டெபாசிட் தொகையைக் கூட்டி அதைச் சமாளிக்கப் பார்ப்பதில்தான் பலர் வழி தவறுகிறார்கள்.

இரண்டு, மின்சாரம், தண்ணீர் பில். பயன்படுத்தி முடித்த பிறகுதான் பில் வருகிறது. பில் சுழற்சி இரண்டு மாதம், கட்ட அவகாசம் கிட்டத்தட்ட ஒரு மாதம் என்றால் மூன்று மாதப் பயன்பாடு உங்கள் தலையில் விழலாம். மாதம் 8 ஆகும் வீட்டில் 24. ப்ரீபெய்ட் மீட்டர் என்றால் இது பூஜ்யம். கணக்கு குடியிருப்பவர் பெயரிலேயே இருந்தாலும் பூஜ்யம்தான். ஆனால் பாக்கி ஆளை விட்டுவிட்டு இணைப்போடு ஒட்டிக்கொள்ளும் இடங்களில் கணக்கு யார் பெயரில் இருந்தாலும் 24ஐ வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று, சேதம். வீட்டில் உடையக்கூடியதில் விலை அதிகமான ஒன்று, சின்னதாக இரண்டு. உதாரணமாக ஒரு வாஷ்பேசின், ஒரு ஜன்னல் கண்ணாடி, ஒரு சுவிட்ச்போர்டு. பொருளும் கூலியும் சேர்த்து 30 என்போம்.

நான்கு, சுத்தம் செய்யும் செலவு, சாவி தொலைந்தால் பூட்டு மாற்றும் செலவு. 10.

மொத்தம் 214. ஆனால் நான்கும் முழு அளவில் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவது அபூர்வம். பெரியதை முழுசாகவும் மற்ற மூன்றின் கூட்டுத்தொகையில் பாதியையும் எடுத்தால் 150 + 32 = 182. வருமானச் சான்று பார்த்து, வாடகை வங்கியிலிருந்து தானாகவே வரும்படி ஏற்பாடு செய்திருந்தால் முதல் தொகையை 100 ஆக்கலாம். அப்போது 132. எனவே இந்த உதாரண வீட்டுக்குச் சுமார் ஒன்றேகால் மாதத்திலிருந்து ஒன்றேமுக்கால் மாதம் வரை. இதற்கு மேல் கேட்பவர் எந்த நஷ்டத்துக்காகக் கேட்கிறார் என்பதைச் சொல்ல முடிய வேண்டும்.

சாவிக்கொத்து

ஒண்ணேகால் மாசமா? ஏட்டுச் சுரைக்காய். ஆறு மாசத்துக்குக் குறைஞ்சு வாங்கினா குடியிருக்கிறவருக்குப் பயம் இருக்காது. பெரிய தொகை கையில இருந்தாத்தான் வீட்டை வீடா வச்சுப்பாங்க. தவிர, பத்து மாச டெபாசிட் கட்ட முடிஞ்சவர்னா கையில காசு இருக்குன்னு அர்த்தம், அதுவே ஒரு வடிகட்டி. பணத்தை பேங்க்ல போட்டா வட்டியும் வருது.

கணக்கப்பிள்ளை

வட்டிக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பத்து மாத டெபாசிட் 1000. ஆண்டுக்கு 6% என்றால் 60, மாதம் 5. அதாவது வாடகையை 105 ஆக்கியிருந்தால் அதே வருமானம். ஒவ்வொரு மாத டெபாசிட்டும் வாடகையில் வெறும் அரை சதவீதம்தான். அந்த 5க்காகக் கையில் 1000 இல்லாத, ஆனால் மாதாமாதம் 105 ஒழுங்காகக் கொடுக்கக்கூடிய அத்தனை பேரையும் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறீர்கள். ஆள் கிடைக்க ஒரு மாதம் தாமதமானால் 100 போச்சு. இருபது மாத வட்டி அது.

வடிகட்டி என்றீர்கள். டெபாசிட் கட்டினவர் சேமித்த பணத்தைக் கட்டினாரா, கடன் வாங்கிக் கட்டினாரா என்று அந்தத் தொகை சொல்லாது. கடன் என்றால் அவருடைய மாதச் சுமை கூடியிருக்கிறது, உங்கள் வாடகை தவறும் வாய்ப்பும் கூடியிருக்கிறது.

குடக்கூலி

பயம் பத்திப் பேசினீங்க. பயம் ரெண்டு பக்கமும் வேலை செய்யும். பெரிய தொகை திரும்பி வருமாங்கிற சந்தேகம் வந்துட்டா, குடியிருக்கிறவர் கடைசி மாசங்கள்ல வாடகையை நிறுத்திட்டு "டெபாசிட்ல கழிச்சுக்குங்க"ன்னு சொல்லிடுவார். பத்து மாச டெபாசிட்ல நாலு மாசம் இப்படிக் கழிஞ்சா அதுக்கு அப்புறம் வீட்டைப் பார்த்துக்கணும்னு யாருக்குத் தோணும்? டெபாசிட் எவ்வளவு பெரிசோ அவ்வளவு முன்னாடியே இந்தக் கழிப்பு ஆரம்பிக்கும்.

இன்னொண்ணு, அந்தப் பணம் பேங்க்ல அப்படியே இருக்கறது அபூர்வம். செலவாயிடும். அப்புறம் புது ஆள் கொடுக்கிற டெபாசிட்டை வச்சுத்தான் பழைய ஆளுக்குத் திருப்பணும். வீடு ரெண்டு மாசம் காலியா கிடந்தா சங்கிலி அறுந்துடும். தென் கொரியாவுல ஜொன்சேன்னு ஒரு முறை, மாச வாடகையே கிடையாது, வீட்டு விலையில பெரும் பங்கை டெபாசிட்டா கொடுத்துட்டுக் குடியிருக்கணும். நம்ம போக்கியம் மாதிரி. விலை ஏறுற வரைக்கும் நல்லா ஓடுச்சு. விலையும் புது டெபாசிட் தொகையும் இறங்கினதும் பழையவங்களுக்குத் திருப்ப முடியாம ஆயிரக்கணக்கான குடும்பம் மாட்டிக்கிச்சு. 2023ல பாதிக்கப்பட்டவங்களுக்காகத் தனிச் சட்டமே போட வேண்டியதாச்சு. மோசடிக்காரங்களும் இருந்தாங்க. ஆனா நல்லவங்களையும் கவுத்தது அந்த ஏற்பாடுதான்.

ஷரத்து

சந்தை, பயம், வட்டி எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது சட்ட உச்சவரம்பு. கணக்கப்பிள்ளை சொன்ன தொகை, உச்சவரம்பு இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் டெபாசிட். சில இடங்களைச் சொல்கிறேன், எவ்வளவு வேறுபடுகிறது என்று தெரியும்.

இங்கிலாந்தில் 2019 ஜூன் முதல், ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழ் இருந்தால் ஐந்து வார வாடகை, 50,000 அல்லது அதற்கு மேல் என்றால் ஆறு வாரம். இங்கே ஒரு கணக்குப் பிழை சகஜம். மாதம் 100 என்றால் வாரம் 25 என்று நினைத்து 125 வாங்கிவிடுகிறார்கள். மாதத்துக்கு நான்கு வாரம் இல்லையே. 100ஐ 12ஆல் பெருக்கி, 52ஆல் வகுத்து, 5ஆல் பெருக்கினால் 115.38. அதை 116 என்று மேல்நோக்கி முழுமையாக்கினால்கூட மீறல்தான். கீழ்நோக்கி 115 என்று வையுங்கள். பணத்தை 30 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். தவறினால் டெபாசிட்டைப் போல ஒன்று முதல் மூன்று மடங்குவரை நீதிமன்றம் அபராதமாகக் கட்டச் சொல்லலாம்.

ஜெர்மனியில் மூன்று மாத வாடகை உச்சம், அதுவும் வெப்பம், தண்ணீர் போன்ற செலவுகளை நீக்கிய அடிப்படை வாடகையில். குடியிருப்பவர் அதை மூன்று சம தவணையாகக் கட்டலாம், உரிமையாளர் மறுக்க முடியாது. பணம் உரிமையாளரின் சொந்தப் பணத்தோடு கலக்காமல் தனியாக இருக்க வேண்டும், வட்டி குடியிருப்பவருக்கு. சுவிட்சர்லாந்திலும் வீட்டுக்கு மூன்று மாதம்தான், ஆனால் வங்கிக் கணக்கே குடியிருப்பவர் பெயரில். நியூசிலாந்தில் நான்கு வாரம், 23 வேலை நாளுக்குள் அரசிடம் கட்ட வேண்டும். கனடாவின் ஒன்டாரியோவில் சேதத்துக்காக டெபாசிட் வாங்கவே கூடாது. கடைசி மாத வாடகையை மட்டும் முன்கூட்டியே வாங்கலாம். நியூயார்க்கில் 2019 முதல் ஒரு மாதம். கலிஃபோர்னியாவில் 2024 ஜூலை முதல் பெரும்பாலோருக்கு ஒரு மாதம், ஒன்றிரண்டு வீடுகளை மட்டும் வைத்திருக்கும் தனிநபர் உரிமையாளருக்கு இரண்டு. இந்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாதம் என்கிறது. ஆனால் அது மாதிரி மட்டுமே, மாநிலம் ஏற்றால்தான் செல்லும்.

பெயரை மாற்றி உச்சவரம்பைத் தாண்ட முடியாது என்பதையும் கவனியுங்கள். "நாய்க்குட்டி டெபாசிட்", "சாவி டெபாசிட்", "பெயின்ட் டெபாசிட்" என்று மூன்றாகப் பிரித்து வாங்கினாலும் கலிஃபோர்னியா போன்ற இடங்களில் எல்லாம் ஒரே கூட்டல்தான்.

முதல்வாசல்

நம்ம ஆளுங்க பாதிப் பேர் டெபாசிட்னு சொல்றதில்லை, "அட்வான்ஸ்"னுதான் சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணுதானே?

ஷரத்து

பேச்சில் ஒன்று, தாளில் ஒன்றல்ல. பாதிச் சண்டை இந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. முன்வாடகை என்பது இன்னும் வராத மாதத்துக்கான வாடகை. வாங்கினதும் அது உங்கள் பணம். டெபாசிட் என்பது குடியிருப்பவரின் பணம், உங்களிடம் பத்திரமாக இருக்கிறது, திருப்பித் தர வேண்டிய கடன். ஒப்பந்தத்தில் வெறுமனே "அட்வான்ஸ் 200" என்று எழுதியிருந்தால், கடைசி இரண்டு மாதம் வாடகை தராமல் இருந்தவர் "முன்கூட்டியே கொடுத்துவிட்டேனே" என்பார். அவர் வாதத்தில் நியாயம் இருக்கிறது.

வரிக்கும் இது முக்கியம். அமெரிக்க வரித்துறையின் விதி தெளிவு: திருப்பித் தரும் எண்ணத்தோடு வைத்திருக்கும் டெபாசிட் வருமானம் அல்ல. கடைசி மாத வாடகைக்கு வைத்துக்கொள்வதாக எழுதியிருந்தால் அது முன்வாடகை, வாங்கின ஆண்டிலேயே வருமானம். எந்த நாட்டில் இருந்தாலும் தாளில் இப்படி எழுதுங்கள்: "திருப்பித் தரத்தக்க பாதுகாப்பு வைப்புத்தொகை. இதை எந்த மாதத்தின் வாடகையாகவும் குடியிருப்பவர் கழித்துக்கொள்ள முடியாது. வாடகை பாக்கி, பில் பாக்கி, இயல்பான தேய்மானத்துக்கு மேற்பட்ட சேதம், சுத்தம் மற்றும் சாவிச் செலவு ஆகிய நான்குக்கு மட்டுமே உரிமையாளர் பிடித்தம் செய்யலாம்." கணக்கப்பிள்ளையின் நான்கும் இதே நான்கும் பொருந்த வேண்டும்.

சாவிக்கொத்து

"இயல்பான தேய்மானம்"னு ஒரு வார்த்தையைப் போட்டுட்டு எல்லாத்தையும் அதுல தள்ளிடுவாங்க. அதுக்குத்தான் காலி பண்ணும்போது பெயின்ட்டுக்குன்னு ஒரு மாச வாடகை பிடிச்சுக்கிறது. வாக்குவாதமே இல்ல.

கொத்தனார்கரண்டி

வாக்குவாதம் இல்லன்னா அவருக்குத் தெரியலைன்னு அர்த்தம் சார், நியாயம்னு அர்த்தம் இல்ல. ரெண்டு மாசம் இருந்தவருக்கும் ஒரு மாச வாடகை, ஆறு வருஷம் இருந்தவருக்கும் ஒரு மாச வாடகைன்னா அது பெயின்ட் கணக்கே இல்ல.

பெயின்ட்டுக்கு ஆயுசு வைங்க. உள்சுவர் எமல்ஷன் நாலு வருஷம்னு வச்சுக்குவோம். ஒரு ரூமுக்கு அடிக்க 20 செலவு. அடிச்சு ஒரு வருஷத்துல பிள்ளைங்க கிரேயான்ல கிறுக்கி, கழுவியும் போகலைன்னா, மிச்ச ஆயுசு நாலுல மூணு பங்கு. 15 பிடிக்கலாம். மூணு வருஷம் கழிச்சுன்னா 5தான். நாலு வருஷம் தாண்டிட்டா ஒண்ணும் பிடிக்க முடியாது, எப்படியும் நீங்க அடிக்க வேண்டிய பெயின்ட்தான் அது. கிறுக்கல் இருக்கிற சுவருக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு, முழு வீட்டுக்கும் இல்ல. எது எப்ப அடிச்சது, எப்ப மாட்டினதுன்னு தேதி குறிச்சு வச்சிருந்தாத்தான் இதைப் போட முடியும். தேதி இல்லாதவர் கணக்கு எடுபடாது.

எது தேய்மானம், எது சேதம்னு பார்க்குற முறை இருக்கு.

தரை டைல்ஸ் விரிசல்: நாணயத்தால தட்டிப் பாருங்க. உள்ளே காலியா இருக்கிற மாதிரி சத்தம் வந்தா பதிக்கும்போது கலவை முழுசா பரவலை, மேல நடந்தாலே ஒருநாள் விரியும். உரிமையாளர் பொறுப்பு. விரிசல் நேர்கோடா நாலஞ்சு டைல்ஸைத் தாண்டி ஓடினா தரை அசைஞ்சிருக்கு, அதுவும் உரிமையாளருதுதான். ஒரு புள்ளியில சில்லு பேர்ந்து, அங்கிருந்து நட்சத்திரம் மாதிரி கோடு பிரிஞ்சிருந்தா மேல கனமான பொருள் விழுந்திருக்கு. அது சேதம்.

சுவர்ல கறை: வெள்ளையா உப்பு பூத்து பெயின்ட் பொருபொருன்னு உதிர்ந்தாலோ, பழுப்பு வளையம் தெரிஞ்சாலோ தண்ணி சுவருக்குள்ள இருந்து வருது. குழாய் கசிவு, மேல்தளக் கசிவு, இதுல ஏதோ ஒண்ணு. குடியிருக்கிறவர் என்ன பண்ணுவார்? மூலையிலயும் பீரோவுக்குப் பின்னாலயும் கறுப்புப் புள்ளியா பூஞ்சை, ஈரத்துணியால துடைச்சா போகுதுன்னா பெரும்பாலும் காத்தோட்டம் இல்லாததுதான், சுத்தம் செய்யுற செலவு மட்டும் கேட்கலாம். பாத்ரூம்ல எக்ஸாஸ்ட் ஃபேனும் இல்ல, ஜன்னலும் இல்லன்னா அதையும் கேட்காதீங்க.

குழாய்: சொட்டுறது வாஷர் தேஞ்சதால, தேய்மானம். கைப்பிடி உடைஞ்சா சேதம். ஆனா சொட்டுறதை ஆறு மாசம் சொல்லாம விட்டு, கீழ இருக்கிற மர அலமாரி ஊறிப் போச்சுன்னா அலமாரிக்கு அவர் பொறுப்பு. அதனால "பழுது தெரிஞ்ச இத்தனை நாளுக்குள்ள எழுத்துல சொல்லணும்"னு ஒப்பந்தத்துல ஒரு வரி அவசியம்.

வாட்டர் ஹீட்டர் காயில் மேல சுண்ணாம்புப் படிவு ஏறி எரிஞ்சுட்டா அது தண்ணியோட குத்தம். ஏசி ஃபில்டர் அடைச்சிருந்தா குடியிருக்கிறவர். காப்பர் குழாய் இணைப்புல கேஸ் கசிஞ்சா உரிமையாளர். படம் மாட்டின ஆணி ஓட்டை ரெண்டு மூணு இயல்பு. டிவி தாங்கி போட ட்ரில் பண்ணி டைல்ஸ் உடைஞ்சா சேதம். கதவு மழைக்காலத்துல உப்பி ஒட்டுறது மரத்தோட சுபாவம்.

ஒண்ணு மறந்துட்டேன். பதிச்ச டைல்ஸ்ல ஒரு பெட்டி மிச்சம் எடுத்து வைங்க. அதே ஷேடு கிடைக்கலைன்னு மொத்த ரூமையும் மாத்திட்டு அந்தச் செலவைக் குடியிருந்தவர் தலையில கட்ட முடியாது.

சாவிக்கொத்து

சரி, கணக்கு ஒத்துக்கிறேன். ஆனா இதெல்லாம் யார் நிரூபிக்கிறது? "நான் வரும்போதே அப்படித்தான் இருந்துச்சு"ம்பாங்களே.

ஷரத்து

நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான். பணம் அவருடையது, அதில் கைவைக்கக் காரணம் காட்ட வேண்டியவர் பிடித்தம் செய்பவர். இங்கிலாந்தின் டெபாசிட் தகராறு தீர்ப்புகள் முழுக்க இந்த அடிப்படையில்தான் நடக்கின்றன. நுழையும்போது எடுத்த பதிவு இல்லாவிட்டால் உரிமையாளர் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் பெரும்பாலும் தோற்பார். ஆறு மாத டெபாசிட் வாங்கிப் பதிவு எடுக்காதவரைவிட ஒரு மாதம் வாங்கிப் பதிவு எடுத்தவர் பாதுகாப்பாக இருக்கிறார்.

கணக்கப்பிள்ளை

பதிவு எடுக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இருபது படம் எடுத்துவிட்டு முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

வீடு காலியாக, சுத்தமாக, பகல் வெளிச்சத்தில், சாவி கைமாறும் அதே நாளில். இரண்டு பேரும் இருக்க வேண்டும். வாசலில் தொடங்கி வெட்டாமல் ஒரே வீடியோ, ஒவ்வோர் அறையிலும் இடது சுவரிலிருந்து சுற்றி வந்து கூரை, தரை. அதன் பிறகு படங்கள்: அறைக்கு நான்கு மூலையிலிருந்து நான்கு, ஏற்கெனவே இருக்கும் ஒவ்வொரு குறைக்கும் இரண்டு. இரண்டில் ஒன்று தூரத்திலிருந்து, எங்கே என்று தெரிய. மற்றது அருகிலிருந்து, பக்கத்தில் அளவுகோல் வைத்து. சிங்க் அடியில், கதவுகளின் மேல் விளிம்பில், பாத்ரூம் தரை வடிகாலில் எடுக்க மறப்பார்கள், தகராறு வருவது அங்கேதான்.

இயக்கிப் பார்க்க வேண்டியது தனி. சிங்கை முழுசாக நிரப்பி ஒரே தடவையில் திறந்து விடுங்கள், அடைப்பும் அடியில் கசிவும் அப்போதுதான் தெரியும். ஒவ்வொரு சுவிட்ச், ஒவ்வொரு குழாய், ஃப்ளஷ், ஏசி பத்து நிமிடம், ஹீட்டர் பதினைந்து நிமிடம். ஏசி, ஹீட்டர் வரிசை எண்களைக் குறியுங்கள். மீட்டர் ரீடிங் படத்தோடு. சாவிகள் எத்தனை, எந்தெந்தப் பூட்டுக்கு.

எல்லாம் ஒரு தாளில், ஒவ்வொரு பக்கத்திலும் இருவர் கையெழுத்து. படங்களை அன்றே இருவருக்கும் மின்னஞ்சலில் அனுப்புங்கள், தேதிக்கு அதுவே சாட்சி. குடியிருப்பவருக்கு ஏழு நாள் அவகாசம், அதற்குள் கண்ணில் படும் குறைகளைச் சேர்க்கலாம். முதல் நாளில் தண்ணீர் அழுத்தமோ இரவு விளக்கோ யாருக்கும் தெரியாது. கலிஃபோர்னியாவில் 2025 முதல் இந்தப் படங்கள் உரிமையாளரின் சட்டக் கடமையாகவே ஆகிவிட்டன.

முதல்வாசல்

ரெண்டு மூணு பேர் சேர்ந்து எடுத்தா? நடுவுல ஒருத்தர் கிளம்பிட்டா அவர் பங்கைத் திருப்பிக் கொடுக்கணுமா?

கணக்கப்பிள்ளை

கொடுக்காதீர்கள். டெபாசிட் ஒரே தொகை, வீட்டுக்கானது என்று தொடக்கத்திலேயே எழுதுங்கள். ஒருவர் போய் இன்னொருவர் வந்தால், வருபவர் போகிறவருக்கு நேரடியாகப் பணம் கொடுக்கிறார். உங்கள் கையில் உள்ள தொகை மாறுவதில்லை. ஆனால் அன்று ஒரு நடுப் பரிசோதனை வேண்டும். அதுவரை இருக்கும் சேதத்தைக் குறித்து, போகிறவர் தன் பங்குக்கான கழிவை ஏற்று, வருபவர் அந்த நிலையை ஒப்புக்கொண்டு, இருப்பவர்களும் சேர்ந்து எல்லாரும் கையெழுத்திட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் இரண்டு ஆண்டு கழித்துக் கடைசியாக இருப்பவர் முகம் தெரியாத ஒருவர் உடைத்த கதவுக்குக் கட்ட வேண்டி வரும். டெபாசிட் யார் கணக்குக்குத் திரும்ப வேண்டும் என்பதையும் பெயரோடு எழுதி வையுங்கள். பாதுகாப்புத் திட்டத்தில் கட்டியிருந்தால் அங்கேயும் பெயரை மாற்ற வேண்டும்.

சாவிக்கொத்து

கல்யாணமாகாத பசங்கன்னா கூடுதலா ரெண்டு மாசம் வாங்குறது தப்பில்லையே? ஆபத்து ஜாஸ்தி.

குடக்கூலி

எந்த ஆபத்து ஜாஸ்தி, மேல இருக்கிற நாலுல? வாடகை பாக்கின்னா சம்பளச் சீட்டைப் பாருங்க, போன வீட்டு உரிமையாளர்கிட்ட ஒரு போன் போடுங்க. சேதம்னா ரெண்டு வாண்டுகள் இருக்கிற வீட்டுச் சுவரைப் பார்த்துட்டு வந்து பேசுங்க. ஒரே வீட்டுக்கு ஆளைப் பார்த்து டெபாசிட்டை மாத்துறது, பல நாடுகள்ல பாகுபாட்டுச் சட்டத்துல கொண்டுபோய் விடும். தொகை வீட்டைப் பொறுத்து மாறட்டும்: ஃபர்னிச்சர் இருந்தா சேதப் பகுதி கூடும், சரி. வருமானம் மட்டு, சான்று பத்தலைன்னா ஜாமீன் கையெழுத்து கேளுங்க. கையில ரொக்கம் குறைவா இருக்கிறவர்னா ரெண்டு தவணையில வாங்குங்க.

ஷரத்து

திருப்பும் கட்டம் யாரும் தொடவில்லை. நியூயார்க்கில் காலி செய்த 14 நாளுக்குள் பிடித்தப் பட்டியல் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பிடிக்கும் உரிமையே போய்விடும். கலிஃபோர்னியாவில் 21 நாள். சட்டம் நாள் சொல்லாத இடத்தில் ஒப்பந்தத்தில் நீங்களே ஒரு நாளை எழுதுங்கள், எழுதாமல் விடாதீர்கள்.

நடைமுறை இது. நோட்டீஸ் வந்ததும், காலி செய்ய இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு முன்பரிசோதனை. என்னென்ன சரிசெய்தால் பிடித்தம் இருக்காது என்று எழுதிக் கொடுங்கள். அடுப்பு மேடை எண்ணெய்ப் பிசுக்கு, உடைந்த சுவிட்ச் மூடி போன்றவற்றை அவரே பாதிச் செலவில் முடித்துவிடுவார். கடைசி நாள் நுழைவுப் பதிவைக் கையில் வைத்துக்கொண்டு அதே வரிசையில் பார்த்து, மீட்டர் ரீடிங் எடுத்து, சாவி எண்ணி வாங்குங்கள். கடைசி பில் வர நாளாகும் என்று முழுத் தொகையையும் நிறுத்தி வைக்காதீர்கள். முந்தைய மூன்று பில்களின் சராசரியில் அந்தப் பங்கை மட்டும் நிறுத்தி, தகராறு இல்லாத மிச்சத்தை உடனே கொடுங்கள். பிடித்தம் ஒவ்வொன்றுக்கும் என்ன சேதம், மாற்றும் செலவு, ஆயுள், மிச்ச ஆயுள், பிடித்த தொகை, ரசீது. ஆறு பத்தி உள்ள ஒரு அட்டவணை போதும்.

இடையில் வீட்டை விற்றால்: டெபாசிட் புது உரிமையாளருக்குக் கைமாறியது என்று விற்றவர், வாங்கியவர், குடியிருப்பவர் மூவரும் கையெழுத்திட்ட ஒரு கடிதம். இல்லாவிட்டால் மூன்று ஆண்டு கழித்து "அவரைக் கேள்" என்று ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள்.

முதல்வாசல்

அப்ப உதாரண வீட்டுக்கு இப்படி முடிவு பண்ணலாமா? வருமானச் சான்று பார்த்தாச்சு, ஆனா வாடகை வங்கியில தானா வராது, கையால அனுப்புவாங்க. பில் கணக்கு உரிமையாளர் பேர்ல. 132க்கும் 182க்கும் நடுவுல 150. உச்சவரம்பு ரெண்டு மாசம்னு வச்சுக்கிட்டா, அதுக்குள்ள இருக்கு. ஒப்பந்தத்துல "டெபாசிட் ஒன்றரை மாத வாடகை", திருப்ப 21 நாள், முன்பரிசோதனை ரெண்டு வாரம் முன்னாடி. பணம் தனிக் கணக்குல.

குடக்கூலி

150 நல்ல எண். சரியா ஒரு மாசம்னோ ரெண்டு மாசம்னோ வச்சா கடைசி மாச வாடகைன்னே மனசு கணக்குப் போடும். ஒன்றரைன்னா அப்படிப் பொருந்தாது.

கொத்தனார்கரண்டி

ஏசிக்கு வருஷத்துக்கு எத்தனை சர்வீஸ், யார் செலவுங்கிறதையும் அதுலயே எழுதிடுங்க. அது இல்லாம ஃபில்டர் கணக்கு பேச முடியாது.

கணக்கப்பிள்ளை

ஒரே ஒரு திருத்தம். "ஒன்றரை மாத வாடகை" என்று எழுதாமல் தொகையாகவே எழுதுங்கள், எண்ணிலும் எழுத்திலும்: 150, நூற்று ஐம்பது. மாதக் கணக்கில் எழுதினால் அடுத்த ஆண்டு வாடகை 105 ஆனதும் டெபாசிட் 157.50 ஆகிவிட்டதா, மீதி 7.50 கட்ட வேண்டுமா, திருப்பும்போது எதைத் திருப்புவது என்று மூன்று கேள்வி முளைக்கும். வாங்கிய தேதி, எந்த வழியில் வாங்கினீர்கள், ரசீது எண் மூன்றையும் அந்த வரியிலேயே சேர்த்துவிடுங்கள்.